டீச்சருக்கு உடம்பு சரியில்லை

எங்கள் வீட்டில் டீச்சர் என்றால் கோழி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு செடிக்கும் முன்னால் நின்று, வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகரும். பார்த்த அன்றே என் வீட்டுக்காரர் அந்தப் பேரை வைத்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பேர் வைப்பதில் இருக்கும் சுறுசுறுப்பு வீட்டு வேலையில் இருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? இரண்டு வாரமாகத்தான் கொஞ்சம் திருந்தியிருந்தார். முன்னறைதான் என் தையல் கடை. முதல் நாள் நூலும் பிசிறும் மறுநாள் மத்தியானம் வரை தரையில் கிடப்பதுதான் வழக்கம். இப்போது காலையில் நான் எழுந்து வருவதற்குள் தரை துடைத்துவிட்டது போல் இருந்தது. "பரவாயில்லையே, புத்தி வந்துடுச்சே" என்றேன். "ம்ம்" என்றார்.

கோழி அவருடைய அக்காவுடையது. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் போன பிறகு, இருந்த வீட்டைக் கொழுந்தன்மார் தங்களுடையது என்று சொல்லிவிட, அண்ணி ஒரு பையும் ஒரு அட்டைப்பெட்டியுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். பையில் துணி, அட்டைப்பெட்டியில் டீச்சர்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் வந்தது பிடிக்கவில்லை. அண்ணியிடம் ஒரு குறையும் கிடையாது. நடந்தால் சத்தம் வராது, பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. ஆனால் பாத்திரம் துலக்க உட்காருவார். "நீங்க விடுங்க அண்ணி" என்று கையிலிருந்து வாங்கிவிடுவேன். துணி மடிக்க எடுப்பார். அதையும் வாங்கிவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை. என் அடுப்படியில் இன்னொரு கை புழங்குவது எனக்கு ஆகாது, அதுதான் நிஜம்.

நாற்பது நாள் போல ஆன பிறகு அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை, அங்கேயே தங்கிக்கொள்ளலாம், ஒன்றாம் தேதி சேர வேண்டும். கோழிக்கு மட்டும் அங்கே அனுமதி இல்லை.

"டீச்சர மட்டும் இங்க விட்டுட்டுப் போகட்டுமாங்க? அவ ஒண்ணும் தொந்தரவு பண்ணமாட்டா" என்று கேட்டார்.

"தாராளமா விட்டுட்டுப் போங்க" என்றேன். அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கக் கூடாது. என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது. அண்ணிக்குக் கேட்டிருக்காதா?

ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடி, கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. தீவனத்தைக் காலடியில் போட்டாலும் குனியவில்லை. அடிக்கடி கழுத்தை நீட்டி, எதையோ விழுங்க முடியாதது போல் இழுத்தது. எச்சம் பச்சைத் தண்ணீராகக் கொஞ்சமே கொஞ்சம்.

"சளி" என்றார் என் வீட்டுக்காரர். "மழைல நனைஞ்சிருக்கும்."

"மழை பெஞ்சு மூணு வாரமாச்சு."

"அப்ப பழைய சளி."

பிறகு போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்க வேண்டும் என்றார். துணி நனைக்கும் டப்பில் தண்ணீர் விட்டோம். அண்ணி முட்டிபோட்டு உட்கார்ந்து டீச்சரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தோள்வரை நனைந்தது. "கொஞ்ச நேரம்மா, கொஞ்ச நேரம்தான்" என்று அதன் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அரை மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் ஆறியதுதான் மிச்சம், முட்டை வரவில்லை.

மறுநாள் காலை நானே கையை வைத்துப் பார்த்தேன். இருபது வருஷமாகத் துணியைத் தடவுகிற விரல். கண்ணை மூடிக்கொண்டு எத்தனை மடிப்பு என்று சொல்லிவிடுவேன். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலது பக்கம், இரைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. தின்ற தானியம் அங்கேதான் போய்த் தங்கும், இரவோடு கரைந்து இறங்கிவிடும், காலையில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று அதே வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். இதுவோ நிறைந்து இறுகிக் கிடந்தது. தானியம் என்றால் நெருடும். இது அமுக்கினால் அமுங்கி, விட்டால் மெல்லத் திரும்பி வந்தது.

"பஞ்சடைச்ச தலகாணி மாதிரி இருக்கு" என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது. ஆனால் என் மண்டைக்கு ஏறவில்லை.

தீவனத்தை நிறுத்தினோம். சொட்டுச் சொட்டாக எண்ணெயும் தண்ணீரும் விட்டு, அண்ணி நாள் முழுக்க மடியில் வைத்து அந்த இடத்தை நீவிக்கொண்டே இருந்தார். கோழிக்குத் தீவனம் இல்லாத அன்று அவரும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் தொட்டுப் பார்த்தேன். கட்டி அப்படியே இருந்தது. டீச்சர் தலையைத் தூக்கக்கூட இல்லை.

"டாக்டர்கிட்ட போகலாம், கிளம்புங்க" என்றேன்.

"ஒரு கோழிக்காகவா? உங்களுக்கு எவ்வளவு வேலை கிடக்கு. விதி எப்படியோ அப்படி நடக்கட்டுங்க" என்றார் அண்ணி. சொல்லும்போது அவர் கை கோழியின் முதுகை விட்டு வரவில்லை.

"விதி இருக்கட்டும், முதல்ல வண்டில ஏறுங்க."

எனக்குக் கோழிமேல் அப்படியொன்றும் பாசம் கிடையாது. ஆனால் அவருக்கு இந்த உலகத்தில் மிஞ்சியது அந்த ஒன்றுதான். அது என் வீட்டில் செத்து, அதைப் புதைத்துவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனால், அந்த வாசலை நான் எப்படித் தினமும் தாண்டுவேன்?

கால்நடை டாக்டர் இள வயசுக்காரர். கை மட்டும் பலகை மாதிரி. அந்தக் கையால் அவ்வளவு மெதுவாகத் தொட முடியும் என்று நான் நினைக்கவில்லை. அமுக்கிப் பார்த்தார், அலகைத் திறந்து பார்த்தார். "எண்ணெய்க்கெல்லாம் இது மசியாது. திறந்து எடுத்துடலாம். தெம்பு இன்னும் கொஞ்சம் இருக்கு, நாளைக்கு இருக்காது" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு, அந்த இடத்து இறகைப் பிடுங்கித் துடைத்தார். அண்ணி இறக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டாக்டர் என்னை விளக்கைப் பிடிக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பொத்தான் துளை அளவுக்குத்தான் வெட்டினார். இடுக்கியை விட்டு இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது.

நூல்.

ஈரமாக, சிக்கலாக, கயிறு மாதிரி முறுக்கேறிய நூல். டாக்டர் அதை ஒரு தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினார். "வீட்டுல யாரு தைக்கிறது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அலச அலச நிறம் தெரிந்தது. மெரூன், பள்ளிக்கூட யூனிஃபார்ம். வெளிர்நீலம், ஆஸ்பத்திரி நர்ஸுகளின் கோட்டு. கறுப்பு, பேண்ட் ஓரம். நடுவில் இழையாய்ப் பொன்னிறம், ஒரே ஒரு கல்யாணக் கவுனுக்காக வாங்கியது. எந்த நூல் எந்த நாள் என்று என்னால் சொல்ல முடியும். எல்லாமே இந்த இரண்டு வாரத்து நூல்கள்.

விளக்கைப் பிடித்தபடியே வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "தெனமும் காலைல கடையைப் பெருக்குனீங்களே, குப்பைய எங்க கொட்டுனீங்க?"

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி விழித்தார். "நான் எங்க பெருக்குனேன்?"

"புத்தி வந்துடுச்சுன்னு சொன்னப்ப ம்ம்-னு சொன்னீங்களே!"

"நீ பாராட்டுறதே அபூர்வம். அதை எதுக்குக் கெடுக்கணும்னு..."

"நான்தாங்க" என்றார் அண்ணி.

கோழியைப் பிடித்த பிடி தளரவில்லை. தலை மட்டும் குனிந்திருந்தது. "விடியறதுக்கு முன்னாடி எழுந்து நான்தான் எடுத்தேன். தொடப்பம் சத்தம் போடும்னு ஈரத்துணியால ஒத்தி ஒத்தி எடுப்பேன். குப்பத்தொட்டியில போட்டா நீங்க பாத்துட்டு, இதெல்லாம் எதுக்குச் செய்றீங்கன்னு இதையும் வாங்கிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. கொல்லைல துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி உதறிட்டு வந்துடுவேன். சும்மா உக்காந்து சாப்பிடறது தொண்டைல எறங்கலங்க. புழுன்னு நெனச்சுத் தின்னிருக்கா. என் கையாலயே அவளுக்குப் போட்டிருக்கேன்."

தட்டில் கிடந்த நூலைப் பார்த்தேன். என் வீட்டில் அவர் மண்டியிட்ட ஒவ்வொரு விடியற்காலையும் நிறம் நிறமாக அங்கே கிடந்தது. பாத்திரத்தை அவர் கையிலிருந்து நான் பிடுங்காமல் இருந்திருந்தால் இந்தத் தட்டுக்கு வேலையே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கு ஆடியது.

"லைட்டு" என்றார் டாக்டர்.

நேராகப் பிடித்தேன். அவர் உள்பையைத் தனியாக, மேல்தோலைத் தனியாகத் தைக்க ஆரம்பித்தார். அண்ணியிடம் என்னென்னவோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. "தையல் நெருக்கமாப் போடுங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று முதல் டீச்சருக்கு என் கடையில்தான் வாசம். துணி வெட்டும் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டி, அதில் மெத்தென்று பழைய துணி. தீவனத்தைக் கஞ்சியாக ஊறவைத்து ஒரு தடவைக்கு இரண்டு ஸ்பூன். தையல் நனையக் கூடாது, கொத்திப் பிரிக்கவும் விடக் கூடாது. முதல் இரண்டு நாள் பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காலை அண்ணியும் நானும் ஒரே நேரத்தில் பெட்டிக்குள் கையை விட்டோம்.

"காலி" என்றேன்.

"காலிங்க" என்றார். காலி என்ற சொல்லுக்கு ஒரு மனுஷி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டீச்சர் என் விரலில் இருந்த மோதிரத்தை ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. வலியில் உயிர் போயிற்று, இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு அண்ணி பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் நான் வேறு பக்கம் போய்விடுவேன். சுலபமாக இல்லை. ஆனால் போய்விடுவேன்.

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மிஷின் பக்கத்தில் சார்ஜில் கிடந்த அண்ணியின் போன் அடித்தது. முதியோர் இல்லத்துப் பெண்மணி. வருவது உறுதிதானா, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அண்ணி கொல்லையில் இருந்தார். கூப்பிட்டிருக்கலாம், பத்தடிதான்.

"அவங்க வரமாட்டாங்க. வேற ஆள் பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அண்ணி என்னை வெறித்துப் பார்த்தார். கையில் இருந்த வாளி கீழே விழுந்தது.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். அது அவருக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"யாரக் கேட்டுச் சொன்னன்னு கேக்குறேன்! அந்த வீட்டுலயும் என்னை யாரும் கேக்கல. இரு, போன்னு அவங்களே முடிவு பண்ணாங்க. நீயும் அதையேதான் பண்ற! அந்தக் கோழி மாதிரி என்னையும் ஒரு பெட்டில போட்டு அவங்கவங்க இஷ்டத்துக்குத் தூக்கி வைப்பீங்களா?"

"தப்புதான் அண்ணி. கேட்டா போறேன்னுதான் சொல்லுவீங்க, அந்தப் பயத்துல கேக்கல. இந்தாங்க போன். இப்பவே கூப்பிட்டு வர்றேன்னு சொல்லுங்க, நானே கொண்டுபோய் விடுறேன். ஆனா நீங்க போனா எனக்குத் தாங்காது. இத முன்னாடியே வாயத் தொறந்து சொல்லிருக்கணும், சொல்லல."

போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். என்னைத் தாண்டிக் கடைக்குள் போனார். நான் பின்னாலேயே போய் மிஷின் முன் உட்கார்ந்தேன்.

கத்தினார். கேட்காமல் முடிவெடுப்பதற்காகக் கத்தினார். மத்தியானம் சாப்பிடாமல் தைத்துக்கொண்டே இருக்கிறேன், உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று கத்தினார். என் அடுப்படியில் உப்பு ஏன் எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று கத்தினார். செய்யாத வேலைக்கு ம்ம் கொட்டிய தம்பியை, ஓடி வந்தவரை, வாசற்படியிலேயே நிற்கவைத்துக் கத்தினார். பேண்ட் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வருவதாகச் சைகை காட்டிப் போனார்.

போன் அண்ணியின் கையிலேயே இருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. அவர் கத்தி முடிக்கும்வரை நான் மிஷினைத் தொடவில்லை.