போர்வையின் மறுமுனை

அப்பாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். இருந்தது நான் ஒருத்தி. அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அண்ணன் வேலைக்குப் போன ஊரிலிருந்து போனில் அழுவான். அழுகை கட்டிலைத் தூக்காது.

அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை, வாய் மட்டும் பழையபடி. படுத்தே கிடந்ததில் முதுகின் அடியில் புண் வந்துவிட்டது. அது ஆறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆறுவதற்கு அவரை மல்லாக்கப் போடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இடம், வலம் என்று ஒருக்களிக்க வைக்க வேண்டும். யார் செய்வது என்று கேட்டேன். கூட இருக்கிறவர்கள்தான் என்றார் நர்ஸ். அவரைத் திட்டியும் பயனில்லை, அந்த நீளமான வார்டுக்கு அவர் ஒருத்தர்தான்.

முதல் நாள் தனியாக முயன்றேன். அப்பா கட்டிலின் விளிம்புக்கு உருண்டுவிட்டார். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெண் பாய்ந்து வந்து அவர் தோளைத் தாங்கினாள். அப்பாவுக்கு அடியில் கிடந்த போர்வையின் மறுமுனையைச் சுருட்டிப் பிடித்து, நாக்கால் ஒரு சொடுக்குப் போட்டாள். இழுத்தேன். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினாள். வேலை முடிந்ததும் நன்றி சொல்லக்கூட விடாமல் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கட்டிலுக்கு இழுத்துப் போனாள். அங்கே அவள் புருஷன், தலையில் கட்டோடு, நினைவில்லாமல் கிடந்தான். இப்போது அவன் முறை.

அவள் பேசிய பாஷை அந்த வார்டில் ஒருவருக்கும் தெரியாது. இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"காலேஜுக்கெல்லாம் அனுப்பினேன். பக்கத்துக் கட்டில்ல பேச வக்கில்ல," என்றார் அப்பா.

"அந்தப் பாஷை சிலபஸ்ல இல்லப்பா."

"உங்க அக்கா வரா பாரு. வாய மூடிட்டு வேலையப் பாரு."

அக்கா என்று அவர்தான் பெயர் வைத்தார். அவள் தன் துப்பட்டாவிலிருந்து இரண்டு கீற்றுகள் கிழித்தாள். எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறதோ அந்தப் பக்கக் கட்டில் கம்பியில் ஒரு முடிச்சு. கண்ணயர்ந்து எழுந்தாலும் அடுத்தது எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம். ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வாள். ஒரு தடவை அவள் புருஷனை நான் ஜன்னல் பக்கம் திருப்பப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். முடிச்சைக் காட்டினேன். ஜன்னலைக் காட்டி, கண்ணைச் சுருக்கிக் காட்டினாள். நினைவில்லாதவனுக்கு வெயில் என்ன செய்யும் என்று எரிச்சல் வந்தது. அவள் எழுந்து போய் ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டு வந்த பிறகுதான் சொடுக்குப் போட்டாள்.

அப்பாவின் புண் ஓரங்களில் சிவந்து, சதை கூடி ஆற ஆரம்பித்தது. அவள் புருஷன் இளைத்துக்கொண்டே போனான்.

ஒரு நாள் காலை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த ஆளுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை, மூளை முழுக்கப் பழுது, இன்றோ நாளையோதான், ஊருக்குக் கொண்டுபோகட்டும், வண்டிக்குச் சொல்லியாயிற்று என்றார். எனக்கு அவள் பாஷை தெரியாது, தெரிந்த ஆளை வரவழையுங்கள் என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பவும் சேர்ந்துதானே இருக்கீங்க? எப்படியாவது சொல்லிடும்மா."

இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் புருஷன் சாகப் போகிறான் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்ல ஆள் இல்லை. கத்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். கட்டிலுக்கு அடியிலிருந்த அவள் பையை எடுத்து வைத்து, உலர்ந்த துணிகளை மடித்து உள்ளே போட்டேன். வாசலைக் காட்டினேன்.

அவள் முகம் மலர்ந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவிடம் ஓடிப்போய் அவள் பாஷையில் என்னவோ கொட்டினாள். டாக்டரிடம் நான் கத்தியதைக் கேட்டிருந்தும் அவர், "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார். ஈரத்துணியால் புருஷன் முகத்தைத் துடைத்து, கட்டுக்கு வெளியே தெரிந்த முடியைச் சீவிவிட்டாள்.

"சொல்லும்மா. இப்படியே வண்டியில ஏத்தாத," என்றார் அப்பா.

பயணத்துக்கு முன் ஒரு தடவை திருப்பிவிடலாம் என்று அவள் போர்வை முனையைச் சுருட்டினாள். சொடுக்குப் போட்டாள். நான் என் முனையைத் தொடவில்லை. மறுபடி சொடுக்கு. முடிச்சைக் காட்டினாள்.

"வேண்டாம்க்கா. இனிமே திருப்ப வேண்டாம்."

தமிழில்தான் சொன்னேன். வேறு எதில் சொல்வது? அவள் என் கைகளைப் பார்த்தாள். அவள் கூப்பிட்டு அந்தக் கைகள் வராமல் இருந்ததே இல்லை. முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள், ரொம்ப நேரம். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, போர்வை முனையை எடுத்துச் சுருட்டினாள். இந்தத் தடவை சொடுக்கு வரவில்லை. நான் இழுத்தேன். அவனை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தோம்.

வண்டி வரை ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். கதவு மூடுவதற்குள் என் தலையைத் தொட்டாள். அவ்வளவுதான்.

வார்டுக்குத் திரும்பியபோது அவள் கட்டிலில் வேறு நோயாளி. கூட அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். தமிழ்க்காரர்கள். வந்ததும் வராததுமாக என்ன படிப்பு, கல்யாணம் ஏன் ஆகவில்லை, அண்ணன் ஏன் வரவில்லை என்று எல்லாம் விசாரித்தார்கள். ரொம்பப் பாவம் என்றார்கள். அப்பா தலையணையிலிருந்து சரிந்து மல்லாந்து கிடந்தார், புண்ணின் மேலேயே.

"கொஞ்சம் இந்த முனையைப் பிடிங்களேன்."

"அதெல்லாம் நர்ஸ் வேலைம்மா," என்றார் தம்பி. "ஏதாவது ஆயிடுச்சுன்னா அப்புறம் எங்க தலையில விழும்."

முழங்காலைக் கட்டிலில் ஊன்றிப் போர்வையை இழுத்தேன். அப்பா பாதி திரும்பினார். தலையணை அந்தப் பக்கம் கிடந்தது. அதை எடுக்க ஒரு கையை விட்டால் அவர் மறுபடி புண்ணின் மேல் விழுவார்.

"விட்டுடும்மா," என்றார் அப்பா.

நான் விடவில்லை. தம்பியும் அவர் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.