ஏழாம் எண் பஸ் ஓட்டிய ஸ்தாமென்

க்ரசிமிருக்கு இரட்டை மேற்கோள் என்றாலே ஆகாது. நாங்கள் இருவரும் வ்ராட்சா என்ற ஊரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இணையதளங்கள் செய்து பிழைக்கிறோம். நிரலில் நான் எங்காவது இரட்டை மேற்கோள் போட்டுவிட்டால் அன்று முழுக்கப் பாட்டுதான்.

"ஒத்தை மேற்கோளுக்கு ஷிஃப்ட் பட்டனே வேணாம்டா. பார்க்கவும் சுத்தமா இருக்கு. உனக்கு மட்டும் ஏன் இந்த ஆடம்பரம்?"

"சுத்தம் பண்றதா இருந்தா உன் மேஜையில ஆரம்பி," என்பேன்.

இரண்டும் ஒன்றல்ல. ime என்றால் எங்கள் மொழியில் பெயர். இரட்டைக்குள் $ime என்று எழுதினால் எந்திரம் அந்த இடத்தில் ஆளின் பெயரை எடுத்து வைக்கும். ஒற்றைக்குள் எழுதினால் எழுதியதை அப்படியே அச்சடிக்கும். இது அவனுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருநாள் எல்லாக் கோப்புகளிலும் இரட்டையை ஒரே கட்டளையில் ஒற்றையாக மாற்றினான். "பேர் வர்ற இடமெல்லாம் பார்த்துச் சரி பண்ணிட்டேன்," என்றான். ஒன்று தப்பிவிட்டது.

தப்பியது ஈமச்சடங்குக் கடையின் தளம். எங்கள் ஊரில் யாராவது போய்விட்டால் படமும் பெயரும் போட்ட தாளை வாசல் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு மறுபடியும் ஒட்டுவோம். அந்தத் தாள்கள் அந்தத் தளத்திலிருந்துதான் அச்சாகின்றன. மாற்றிய பிறகு முதலில் அச்சானது க்ரசிமிரின் அப்பா ஸ்தாமெனின் நாற்பதாம் நாள் தாள்.

ஸ்தாமென் ஏழாம் எண் பஸ் ஓட்டியவர். கடைசி வருடத்தில் ஞாபகம் போய், உங்க பேர் என்னன்னு டாக்டர் கேட்டால் சிரித்துக்கொண்டு சும்மா இருப்பார். அதனால்தான் க்ரசிமிரின் அம்மா தொன்கா, அந்த பஸ் நிற்கும் எல்லா நிறுத்தங்களிலும் தாள் ஒட்டச் சொன்னார்.

"அவரு பேரை அவரே மறந்துட்டாரு. ஊராவது மறக்கக் கூடாதுடா."

நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் க்ரசிமிர் தனியாகப் போய் ஒட்டினான். அழுதுகொண்டே ஒட்டியிருக்கிறான். படத்தைப் பார்த்தவன் எழுத்தைப் பார்க்கவில்லை.

காலையில் சந்தை நிறுத்தத்தில் நான் பார்த்தேன். ஸ்தாமென் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, "நம்மைவிட்டுப் பிரிந்த அன்பான $ime". நான் போனில் க்ரசிமிரைக் கூப்பிடுவதற்குள் அவன் அம்மா அவனைக் கூப்பிட்டுவிட்டாராம்.

"அம்மா கேக்கறாங்கடா, அந்த டாலரு யாருன்னு," என்றான்.

திருத்துவதற்கு இரண்டு தட்டல் போதும். தேவாலயப் பூசைக்கு முன்பே புதுத் தாள்களை அச்சடித்து, பசை வாளியோடு கிளம்பினோம்.

சந்தை நிறுத்தத்தில் யாரோ $ime-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் "ஸ்தாமென்" என்று எழுதியிருந்தார்கள். சற்று முன் நான் பார்த்தபோது அது இல்லை. பள்ளிக்கூட நிறுத்தத்தில் பென்சிலில், "ஸ்தாமென், பசங்களுக்காக நின்னு ஏத்திக்கிட்டுப் போவார்". ரொட்டிக் கடை வாசலில் உதட்டுச்சாயத்தில் வெறும் பெயர். க்ரசிமிர் ஒவ்வொன்றின் முன்பும் நின்றான். பசைத் தூரிகை கையிலேயே காய்ந்தது.

கடைசி நிறுத்தம் வெல்கோவின் வேலியை ஒட்டி இருக்கிறது. ஸ்தாமென் ஒருமுறை பஸ்ஸைப் பின்னால் எடுத்து அந்த வேலியைச் சாய்த்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. வெல்கோ அங்கே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பட்டை மார்க்கரால் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னடா பார்க்குற? உங்கப்பனோட நான் பேசறதில்ல. அதுக்காக அவன் பேரை மறந்துடுவேனா?"

க்ரசிமிர் நடைபாதையின் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வெல்கோ கொஞ்சம் தள்ளி நின்று, மார்க்கரின் மூடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பிறகு அவரும் பூசைக்கு எங்களோடு நடந்து வந்தார்.

புதுத் தாள்களில் ஒன்றைக்கூட நாங்கள் ஒட்டவில்லை.