பாறைக்குக் கீழே இரண்டு பேர்

இஷ்பெல்லின் பூட்ஸ் பாறைக்கு மேலே மறைந்த அதே நொடியில், அவள் மிதித்து ஏறிய பனித்திட்டு பெயர்ந்து கீழே வந்தது. முர்டோ தலையைக் குனிந்துகொண்டான். கட்டி அவன் ஹெல்மெட்டில் மோதி உடைந்தது. கொஞ்சம் கழுத்துக்குள் போயிற்று, மீதி அந்த மலையிடுக்கின் வழியே சரசரவென்று இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது மேலே எர்லெண்ட் மட்டும் இருந்தான். இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெரிய பாறையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தை அதன் மேல் வைத்திருந்தான். மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியின் உடம்பைப் போல அவனுடைய இடது கால் மட்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"எர்லெண்ட், குதிகாலைக் கீழ எறக்கு. நடுக்கம் நிக்கும்."

கால் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளென்கோ மலைகளுக்கு வருவது முர்டோவுக்கும் இஷ்பெல்லுக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். அப்போதிருந்தே ஊனாவும் உடன் வருவாள். தபால் கொடுத்தே பாதி மாவட்டத்தை நடந்து முடித்தவள் அவள். பாதை போட்ட மலைகளில் அவர்களுக்கு ருசியில்லை. ஆள் போகாத இடுக்குகளில், பனி இறுகிய பிறகு, கையையும் காலையும் ஊன்றி ஏறுவதுதான் பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் முர்டோவும் இஷ்பெல்லும் பிரிந்தபோது வீடும் நாயும் அவனிடம் நின்றன. இஷ்பெல் தான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. முதல் வாரம் இருவரும் வந்து நின்றதைப் பார்த்த ஊனா, "சண்டை போடணும்னா ரோட்லயே போட்டு முடிச்சிட்டு வாங்க. மேல வந்துட்டா எங்க கால் வைக்கணுங்கறது மட்டும்தான் பேச்சு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அப்படியே நடந்துகொண்டிருந்தது.

போன இலையுதிர் காலத்தில் இஷ்பெல் எர்லெண்டைக் கூட்டி வந்தாள். ஓர்க்னி தீவுக்காரன், படகுத்துறையில் வேலை. மரம்கூட வளராத தட்டை நிலத்தில் பிறந்தவனுக்கு உயரம் என்றால் பயம் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் வந்தான். எல்லாருடைய ஃபிளாஸ்க்கையும் தன் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டான். முர்டோ பஸ் ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும், குறுகலான பாலத்தில் எதிரே லாரி வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆசையாகக் கேட்டான். அவனை வெறுக்க ஒரு காரணம் தேடித் தேடி முர்டோவுக்கு அலுத்துப் போயிருந்தது.

இந்த வாரம் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை முர்டோவுடையது. இந்த இடுக்கின் பெயரைச் சொன்னபோது ஊனா காரின் முன்சீட்டிலிருந்து திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவனும் இஷ்பெல்லும் ஏறிய இடுக்கு அது. பனி நன்றாக இறுகியிருக்கிறது என்றான் முர்டோ. அது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் அவன் இங்கே வரவில்லை என்பது, தலைக்கு மேலே நடுங்கும் அந்தக் காலைப் பார்த்தபோது அவனுக்கே தெரிந்தது.

மேலேயிருந்து ஊனாவின் குரல் காற்றில் பிய்ந்து வந்தது. "என்னப்பா, ரெண்டு பேரும் அங்கேயே குடித்தனம் வைக்கப் போறீங்களா?"

"திட்டு ஒடஞ்சுபோச்சு! கால் வைக்க எடமில்ல!"

"கயித்த எறியறதுதானே? யார்ட்ட இருக்கு?"

முர்டோ கொஞ்சம் தயங்கினான். "என்கிட்ட."

"கடைசியா வர்றவன்கிட்ட கயிறு இருந்து என்னடா பிரயோஜனம்? மாடு கட்டவா?"

அவன் இரண்டு தடவை எறிந்து பார்த்தான். துருத்திக்கொண்டிருந்த பாறையின் நெற்றியில் பட்டு இரண்டு தடவையும் கயிறு அவன் தலையிலேயே விழுந்தது. இறங்கவும் வழியில்லை. கீழே பார்க்கவே முடியாத ஒருவனை அந்தச் சரிவில் எப்படி இறக்குவது? பனித்தூள் இடுக்கு முழுவதும் மாவு சலித்ததுபோல் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. பனிக்கோடாலியைக் குத்தி, பூட்ஸின் இரும்புப் பற்களைப் பதித்து, முர்டோ எர்லெண்டின் பக்கத்தில் போய் நின்றான். எர்லெண்டின் மூடிய இமைகளில் பனி ஒட்டியிருந்தது.

"நீங்க எறங்கிப் போங்க முர்டோ. நான் கொஞ்ச நேரம் இப்படியே நிக்கிறேன்."

"எவ்வளவு நேரம்?"

"வசந்தம் வர்ற வரைக்கும்."

முர்டோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்குக் கூச்சமாகவும் இருந்தது.

"என்னைய ஏன் இங்க கூட்டிட்டு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றான் எர்லெண்ட், கண்ணைத் திறக்காமலே. "ஊனா உங்களத் திரும்பிப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"வீட்டை விட்டா, நாயை விட்டா. இந்த ஞாயித்துக்கிழமைய மட்டும் விடமாட்டேன்னுட்டா. அப்படி என்னதான் இருக்கு இங்கன்னு பாக்கத் தோணுச்சு."

"பாத்தாச்சா?"

"கண்ணைத் தொறந்தாத்தானே பாக்க!"

காற்று ஒருமுறை அடித்து ஓய்ந்தது. முர்டோ, "நான் செஞ்சது தப்புதான்" என்றான். இஷ்பெல்லிடம் அவன் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. அவன் பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில், காரில், படுக்கையில், அவள் கேட்டதற்கெல்லாம் ஒரு முனகலோடு நிறுத்திக்கொண்டான். கடைசி வருடம் முழுவதும் அவளோடு பேசியதைவிட அதிகமாக இப்போது இந்தப் பாறைக்குக் கீழே அவளுடைய ஆளோடு பேசிவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது.

"அதையெல்லாம் மேல போய் சொல்லுங்க" என்றான் எர்லெண்ட். "இப்ப கால் எங்க வைக்கணும், அதைச் சொல்லுங்க."

"என் தோள் மேல."

"இந்தப் பல்லோடவா?"

"நடுவுல பையை வச்சுக்கறேன். மிதி."

முர்டோ இடுக்கின் மூலையில் முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டான். கயிற்றின் ஒரு முனையை எர்லெண்டிடம் நீட்டினான். இதுவரை விறைத்துப் போயிருந்த அந்தக் கைகள் கயிறு பட்டதும் உயிர் வந்ததுபோல் அசைந்தன. கண்ணை மூடியபடியே இடுப்பில் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தான் எர்லெண்ட். பிறகு ஒரு கால் ஏறியது. பையைத் துளைத்து, சட்டையைத் துளைத்து, பற்கள் முர்டோவின் தோளில் இறங்கின. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். வளர்ந்த ஒரு மனிதனின் முழு எடையும் எலும்பு வழியாகக் குதிகால் வரை போயிற்று.

"வலது கையை நீட்டு. இன்னும். அங்க ஒரு விரிசல் இருக்கும், கோடாலிய அதுல மாட்டு."

"இல்லையே... இருக்கு! இருக்கு!"

எடை தோளிலிருந்து கழன்றது. மேலே இஷ்பெல் அவன் பெயரைச் சொல்வது கேட்டது. எர்லெண்டின் பெயரைத்தான். முர்டோ தனியாக நின்று பனித்தூளை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு, மேலே இழுபட்டுப் போன கயிறு ஆடி ஆடி இறங்கி வந்தது. அதன் முனையில் அவனுக்கென்று ஒரு வளையம் முடிச்சிட்டுத் தயாராக இருந்தது.

"முர்டோ! மாட்டிட்டியா? இங்க ஒரு கல்லுல சுத்திப் புடிச்சிருக்கேன். நீ வா!" எர்லெண்டின் குரல், 'நீங்க' இல்லாமல்.

அவனுக்குத் தோள் கொடுக்க யாரும் இல்லை. விரிசலுக்குக் கை எட்டியது, கோடாலி மாட்டியது, ஒரு கால் ஏறியது. இரண்டாவது காலைத் தூக்கும்போது கோடாலி கிரீச்சென்று வழுக்கியது. வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கயிறு இடுப்பில் இறுகி அவனைப் பாறையோடு அறைந்து நிறுத்தியது. கீழே ஒன்றுமில்லை. பஸ் போகும் சாலை எங்கோ நூல்போல் கிடந்தது.

"புடிச்சிருக்கேன்" என்றது மேலே ஒரு குரல். உரத்த குரலே இல்லை, படகைத் துறையில் கட்டும்போது பேசும் சாதாரணக் குரல். "அவசரமில்ல. மூச்சு வாங்கிக்கோ. புடிச்சிருக்கேன்."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். பிறகு ஏறினான்.

இடுக்கு முடிந்து உச்சிச் சமவெளிக்கு வந்ததும் ஊனா தேநீர் ஊற்றி, சுத்தமாக நசுங்கிப்போன ஓட்ஸ் பிஸ்கட்டுகளை அவன் பையிலிருந்து கொட்டினாள். "ஆள் மிதிச்ச பிஸ்கட். யாருக்கு வேணும்?" வெயில் வந்திருந்தது. முர்டோவின் கோட்டில் ரத்தத்தைப் பார்த்த இஷ்பெல், "கழட்டு" என்றாள்.

"இந்தக் குளிர்லயா?"

"கழட்டுன்னா கழட்டு."

ஐஸாக இருந்த விரல்களால் அவள் காயத்தைத் துடைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். அந்தத் தோள் அவளுக்குப் பழக்கமான தோள். அது அவளுடைய கைகளுக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கும் தெரிந்தது. எர்லெண்ட் முதுகைக் காட்டியபடி விளிம்புக்கு அருகில் போய் நின்று, பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஷ்பெல்."

"ம்?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் கை நின்றது. அவன் இவ்வாறு ஆரம்பித்து அவள் கேட்டதில்லை. சட்டையை அவன் தோளில் இழுத்துவிட்டாள். "கார்ல சொல்லு. எல்லாரும் இருக்கும்போதே சொல்லு" என்று எழுந்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுபக்கச் சரிவு அகலமாக, மெத்தென்று, கீழே சமதளத்தில் போய் முடிந்தது. எல்லாரும் இரும்புப் பற்களைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டார்கள். ஊனா கோடாலியை இடுப்போடு அணைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்து வழுக்கிப் போனாள். இஷ்பெல் கத்திக்கொண்டே அவள் பின்னால் போனாள். எர்லெண்ட் சரிவைப் பார்த்தான், முர்டோவைப் பார்த்தான்.

"இது எனக்கு வராதுப்பா."

முர்டோ விளிம்பில் உட்கார்ந்து கால்களை அகட்டி வைத்தான். முன்னால் இருந்த பனியைக் கையால் தட்டினான். "வா. உக்காரு."

எர்லெண்ட் வந்து அவன் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். கீழே இரண்டு பெண்களும் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்கள். முர்டோ கோடாலியைப் பின்னால் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினான். வேகம் பிடித்ததும் பனி இரு பக்கமும் பறந்து எழுந்தது. அந்த வெள்ளைப் புகைக்குள் இருவரில் யார் கத்துகிறார்கள் என்று கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.