பிலாத்துவின் பிள்ளைப்பேறு

ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் சிரட்டைக்கரி சிவந்து கிடந்தது. பிடியைப் பழந்துணியால் சுற்றித் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து பின்னறைக்கு வந்த மியூரியல், கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணையின் கலியாணக் கோட்டுக்கு நட்ட நடுவில் பிலாத்து படுத்திருந்தது.

"எழும்படா மூதேவி! உனக்குப் படுக்க வேறை இடமில்லையே?"

வேறு நாளென்றால் அந்தக் குரலுக்கே பூனை யன்னலால் பாய்ந்திருக்கும். இன்றைக்குத் தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு கோட்டின் உட்துணியை நகங்களால் பற்றிக்கொண்டு ஒரு முக்கு முக்கியது. வாலடியிலிருந்து ஈரமாக ஏதோ வழுக்கி விழுந்து நெளிந்தது.

மியூரியல் ஸ்திரிக்கைப் பெட்டியை நிலத்தில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் கையில் வைத்திருந்தால் காலில் போட்டுக்கொண்டிருப்பாள்.

"கடவுளே, இவன் பெட்டையெல்லோ!"

அது கடுவன் என்று தீர்ப்புச் சொன்னவர் அவளுடைய அண்ணை கிளரன்ஸ். முந்தின மாரியில் நனைந்து வந்த குட்டியின் வாலைத் தூக்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, "கடுவன்தான், சந்தேகமே வேண்டாம்" என்றார். முப்பத்தாறு வருடம் தபாலதிபராக இருந்தவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சேது? எந்நேரமும் முன்னங்கால்களை நக்கிக் கழுவிக்கொண்டிருந்ததால், வேதத்தில் கை கழுவினவனின் பெயரையே அதற்கு வைத்தார். அரசாங்கத்தின் சாமான் தடையால் யாழ்ப்பாணமே மெலிந்துகொண்டிருந்த காலத்தில் பிலாத்து மட்டும் கொழுத்தது. "எலி பிடிக்கிறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார் கிளரன்ஸ்.

அந்த மனிதர் இப்போது முன் அறையில் வெள்ளைத் துணியின் கீழ் கிடந்தார். இவ்வளவு பெரிய பிழை விட்டுவிட்டு, அதைச் சொல்லிப் பகிடி பண்ணக்கூட இடம் வைக்காமல் போய்விட்டாரே என்று மியூரியலுக்குக் கோபம்தான் வந்தது.

விடியப்புறம் ஐந்து மணிக்கு மூச்சு நின்றது. இரவு முழுக்க இழுப்பு. ஊசி மருந்து இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் இல்லை, கார் கிடைத்தாலும் பெற்றோலுக்குப் பதிலாக ஊற்ற மண்ணெண்ணெய்கூட இல்லை. நெஞ்சைத் தேய்த்துவிடத் தன்னுடைய இரண்டு கைகள்தான் இருந்தன. தேய்ப்பதை நிறுத்தச் சொல்லி யாரோ தோளைப் பிடித்தபோது அந்தக் கைகள் மரத்துப்போயிருந்தன. மியூரியல் அழவில்லை. செய்ய வேலை கிடந்தது.

முதல் வேலை கோட்டு. கிளரன்ஸ் கேட்டது இரண்டே இரண்டு. மனைவி மனோன்மணிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அவளைக் கைப்பிடித்த அன்று போட்ட கோட்டோடு புதைக்க வேண்டும். மனோன்மணி கிடப்பது மயிலிட்டிப் பக்கத்துச் சேமக்காலையில். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஷெல்லடிக்குப் பயந்து ஊரோடு எழும்பி ஓடி, நல்லூரில் இந்த இரண்டறை வீட்டை வாடகைக்கு எடுத்த பிறகு, இந்த இரண்டரை வருடத்தில் அந்தப் பக்கம் ஆமியைத் தவிர ஒருவரும் போனதில்லை. முதல் ஆசையில் அப்படி மண் விழுந்தது. இரண்டாவது ஆசையை எந்தக் கொம்பன் வந்தாலும் விடுவதில்லை என்று மியூரியல் விடியற்காலையிலேயே தீர்மானித்துவிட்டாள்.

ஓடி வந்த அன்று சைக்கிள் கரியரில் கட்டிய றங்குப்பெட்டிக்குள் அவர் முதலில் வைத்தது அந்தக் கோட்டைத்தான். ஒவ்வொரு மார்கழியிலும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அதைத்தான் போட்டார். பூச்சி உருண்டையின் மணம் போகட்டும் என்று காலையில் பொத்தான்களைக் கழற்றி, முன்பக்கம் இரண்டையும் அகல விரித்து, முதுகு மெத்தையில் படும்படி கட்டிலில் போட்டது மியூரியலேதான். பிலாத்துவுக்குத் தன் கையாலேயே பாய் விரித்துக் கொடுத்திருக்கிறாள்.

"மியூரியல், கோட்டு முடிஞ்சுதோ?"

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு செல்வத்துரை வந்தார். பெரியம்மாவின் மகன், சபையில் மூப்பர். செத்தவீடென்றால் கூப்பிடாமலே வந்து பொறுப்பை எடுத்துக்கொள்கிறவர். கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது.

"சீச்சீ, என்ன கூத்திது! உதைச் சாக்கிலை போட்டு வெளியிலை எறி பிள்ளை. போதகர் ரண்டு மணிக்கு வாறார். மூண்டுக்குப் பெட்டி வெளிக்கிட வேணும். பிந்தினா ஆமியின்ரை ஹெலி மேலாலை சுத்தத் துவங்கிடும். வெளியிலை சனங்கூடி நிண்டா சும்மா விடுவாங்களே?"

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சுகொண்டும் பாத்துக்கொண்டு நிக்கிறாய். தள்ளு, நான் இழுத்து விடுறன்."

கோட்டின் கையைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார். பிலாத்து சீறியது. கண் திறவாத குட்டி உருண்டு கட்டில் விளிம்புக்கு வந்தது. மியூரியல் ஒரு கையால் குட்டியைத் தடுத்து, மற்றக் கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கோ அண்ணை."

"உனக்குக் கிளரன்ஸ் பெரிசோ, உந்தப் பூனை பெரிசோ?"

"இந்த வீட்டிலை இண்டைக்கு ஒரு சாவே காணும். நீங்கள் போய் விறாந்தையிலை கதிரையளைப் போடுங்கோ. கோட்டு வரும்."

மூப்பரோடு அந்தச் சபையில் ஒருவரும் இப்படிக் கதைத்ததில்லை. அவர் மணிக்கட்டைத் தடவியபடி போய்விட்டார். ஆனால் கோட்டு எப்படி வரும் என்று மியூரியலுக்கே தெரியாது.

பக்கத்து வளவு இராசாத்தி தேத்தண்ணிக் கோப்பையோடு பின்கதவால் வந்தாள். மாடு வளர்க்கிறவள், சைவக்காரி. செத்தவீட்டுக்கு வந்துபோனால் தலை முழுகாமல் தன் வீட்டுப் படி ஏறமாட்டாள். என்றாலும் காலையிலிருந்து இந்த வீட்டு அடுப்பு அவளுடைய பொறுப்பில்தான் இருந்தது.

"இராசாத்தி, இதைப் பக்குவமாத் தூக்கி ஒரு கடகத்துக்குள்ளை வைக்கேலாதே?"

"ஐயோ ரீச்சர், இது தலைப்பிள்ளை. பெறுகிற நேரத்திலை இடம் மாத்தினா வெருண்டு குட்டியளைத் திண்டுபோடும். இல்லாட்டி விட்டிட்டு ஓடிப்போகும். ஆவணியிலை எங்கடை வீட்டிலை நிண்டது அப்பிடித்தான் ஓடினது, ஒண்டும் தப்பேல்லை." அவள் பூனையின் வயிற்றை இரண்டு விரலால் தடவினாள். "இன்னும் ரண்டு மூண்டு கிடக்கு."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"அதை அதிட்டைதான் கேக்க வேணும்."

சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை.

ஒரு மணிக்கு இரண்டாவது குட்டி வந்தது. மூன்றாவது பாதி வந்து நின்றுவிட்டது. பிலாத்து கத்தவும் பலமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. இராசாத்தி விரல்களில் நல்லெண்ணெய் பூசி, பூனை முக்குகிற நேரம் பார்த்து மெல்ல இழுத்து எடுத்தாள். கையில் வந்தது தொய்ந்து கிடந்தது. மூச்சில்லை.

"இது சரிவராது ரீச்சர். விடுங்கோ."

மியூரியல் விடவில்லை. கதிரையில் கிடந்த துவாயை இழுத்தெடுத்தாள். இரவு அண்ணையின் நெஞ்சில் போட்டிருந்த துவாய். அதற்குள் குட்டியை வைத்துத் தேய்த்தாள். வாயைத் துடைத்துவிட்டு, தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டு, மறுபடி தேய்த்தாள். மரத்த கைகள் வலித்தன.

"எடு, மூச்சை எடு! ஏன் எடுக்க மாட்டனெண்டுறாய்? எல்லாரும் இப்பிடி விட்டிட்டுப் போனா நான் என்ன செய்யிறது? எடன்! உன்னைத்தான், எடு!"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்களுக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மியூரியல் ரீச்சர் ஒருபடியாக அழத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். முதலில் ஒருத்தி விம்மினாள், பிறகு எல்லோருமே அழுதார்கள். செல்வத்துரைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துவாய்க்குள் குட்டி ஒரு தும்மல் தும்மியது.

இராசாத்தி வாயில் கை வைத்தாள். மியூரியல் துவாயை விரித்தாள். குட்டியைத் தாயின் முலையோடு சேர்த்து வைத்துவிட்டுத் தன் கைகளைத் துவாயில் துடைத்தாள்.

இரண்டு மணிக்குப் போதகர் சைக்கிளில் வந்திறங்கினார். அவருக்குப் பின்னாலேயே கொழும்புத்துறையிலிருந்து கனிசியஸ் வண்டிலில் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தான். பெட்டி அடிக்கிறதும் அவன்தான், பிரேதத்துக்கு உடுப்புப் போடுகிறதும் அவன்தான். முன் அறையில் வேலையைத் தொடங்கிவிட்டுப் பின்னறைக்கு வந்தான்.

"சேட்டும் களிசானும் போட்டாச்சு ரீச்சர். ஆள் நல்லா விறைச்சுப் போச்சு. கோட்டைத் தாங்கோ."

மியூரியல் கட்டிலைக் காட்டினாள். கனிசியஸ் ஒரு நிமிடம் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"எழுப்பேலாதோ?"

"எழுப்பினா மூண்டும் சாகும். இன்னுமொண்டு உள்ளை கிடக்கு."

"சரியாப் போச்சு. எப்பிடியும் முதுகை வெட்டத்தான் கத்தியோடை வந்தனான்."

"என்னத்தை வெட்ட?"

"கோட்டின்ரை முதுகை. விறைச்ச கையை மடக்கிக் கோட்டுக்குள்ளை விடேலாது ரீச்சர். கழுத்திலையிருந்து கீழை வரைக்கும் நடுவாலை கீறி, ரண்டு பக்கத்தாலையும் போட்டுக் கீழை செருகி விடுறது. நான் போட்ட ஒரு கோட்டுக்கும் முதுகு முழுசா இருந்ததில்லை. பெட்டிக்குள்ளை படுத்திருக்கிற ஆளை ஆர் பிரட்டிப் பாக்கப்போயினம்?"

மியூரியல் அவனைப் பார்த்தாள், பிறகு கோட்டைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவளுக்கு அது கோட்டாகத் தெரியவில்லை. கழுத்து, கை, முன்துண்டு இரண்டு, முதுகுத்துண்டு ஒன்று.

"நடுவாலை கீறத் தேவையில்லை" என்றாள். "முதுகையே எடுத்து விடுறன்."

தையல் பெட்டியிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். இராசாத்தி பூனையின் தலையைத் தடவிக்கொண்டிருக்க, கழுத்துப்பட்டியின் கீழ் கத்தரிக்கோலை விட்டாள். கழுத்துப்பட்டி முன்துண்டுகளோடு வந்தது. பிறகு வலது தோள், கையின் பின்பாதி, விலாப்பக்கம். தையலோடு தையலாக, நூல் பிசகாமல் வெட்டிக்கொண்டு போனாள். பிலாத்து உறுமியது, ஒருமுறை அவளுடைய மணிக்கட்டைக் கீறியும் விட்டது. இரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெட்டினாள்.

இடது தோளில் கை ஒரு கணம் தயங்கியது. உயர்ந்த மனிதர். தபால் கந்தோரின் சிறிய யன்னலுக்குள்ளால் குனிந்து குனிந்தே முதுகு வளைந்து, இடது தோளும் பதிந்துபோயிற்று. அது வெளியே தெரியாதிருக்க, அந்தத் தோளுக்குள் பஞ்சு வைத்து அவளே ஒருமுறை தைத்துக் கொடுத்திருந்தாள். சின்னச் சின்னத் தையல். அதையும் வெட்டினாள்.

வெட்டி முடிகிற நேரம் நான்காவது குட்டி தானாகவே வந்து விழுந்தது.

"கெட்டிக்காரி" என்றாள் இராசாத்தி. யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் இன்னும் சூடு இருந்தது. மியூரியல் முன்துண்டுகளை அழுத்தித் தேய்த்தாள். முன் அறையிலிருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கனிசியஸோடு சேர்ந்து அதை அண்ணைக்குப் போட்டாள். கைகள் சுலபமாக ஏறின. முதுகில்லாத கோட்டு அசைந்துவிடக் கூடாதே என்று கறுத்த நூலைக் கோத்து, விலாவோரம் சேட்டோடு சேர்த்து ஓடுதையல் போட்டாள். உடம்பில் வைத்துத் தைக்கிறபோதெல்லாம், "குத்திப் போடாதை, குத்திப் போடாதை" என்று கிளரன்ஸ் கத்துவார். இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. இரண்டாவது பக்கம் தைக்கும்போது ஊசியின் காது கண்ணுக்குத் தெரியவில்லை. கனிசியஸ் வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பெட்டி வாசலுக்கு வந்தது. செல்வத்துரை குனிந்து பார்த்தார்.

"பாத்தியே, மாப்பிளை மாதிரி வடிவாக் கிடக்கிறார்! கடைசியிலை நான் சொன்னபடிதானே செய்தாய். பூனையைக் கலைச்சிட்டாய் போலை."

"அதுக்கு வேண்டியதும் குடுத்தாச்சு அண்ணை. மூடச் சொல்லுங்கோ, நேரமாகுது."

நல்லூருக்குக் கிட்டவிருந்த சேமக்காலைக்கு நடந்தே போனார்கள். போதகர் செபத்தைச் சுருக்கினார். கடல் பக்கமாக எங்கோ ஹெலிச் சத்தம் கேட்டது, எல்லோரும் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள். மியூரியல் ஒரு பிடி மண் போட்டாள். கோட்டின் முதுகு எங்கே போனது என்று மனோன்மணிக்கு விளக்கம் சொல்லுகிற வேலை இனி அவருடையது.

திரும்பி வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக் கலைந்தார்கள். இராசாத்தி முழுகப் போனாள். மியூரியல் முகம் கழுவிவிட்டுப் பின்னறைக்குள் போனாள்.

கட்டிலில் கோட்டின் முதுகு உட்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. நாற்பது நத்தாருக்குப் போட்டதில், கிளரன்ஸின் கூன் விழுந்த இடத்தில் துணி குழிந்தே போயிருந்தது. அந்தக் குழிக்குள் நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து நித்திரை. தும்மினது நடுவில். பிலாத்து நாள் முழுக்க மறந்திருந்த வேலையைத் தொடங்கியிருந்தது. முன்னங்காலை நக்கி நக்கிக் கழுவிக்கொண்டிருந்தது.

"எடியே, உனக்கு இனி வேறை பேர் வைக்க வேணும்" என்றாள் மியூரியல்.

வெளியே தை மாதத்துப் பனி இறங்கத் தொடங்கியது. அண்ணையின் முதுகில் பனி பட்டால் இழுப்பு வந்துவிடும் என்று தினமும் இந்த நேரத்துக்கு யன்னலைப் பூட்டுவது அவளுடைய வழக்கம். எட்டி, கொக்கியைப் பிடித்து, சத்தம் வராமல் பூட்டினாள்.