சத்தம் போடாத குழி

தகரக் கூரையில் ஓர் ஓட்டை. அதன் வழியே ஒரு கம்பி வெயில். வெயிலுக்குள் தூசி. மேலே போகிறது, கீழே வருகிறது, எங்கும் போகவில்லை.

கல்குவாரியை ஒட்டிய வீடு. அம்மா சோற்றுச் சட்டியை மூடித்தான் வைப்பாள். மூடிக்குள்ளும் தூசி வரும். அந்தச் சோற்றை நறநறவென்று மென்று வளர்ந்தவள் தவமணி.

இன்று வானியல் ஆய்வுக்கூடத்தில், தூசிக்கு அந்தப் பக்கம் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. எங்கோ தூரத்தில் கேலக்ஸிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருந்துளை. சிலவற்றைச் சுற்றிச் சுவர் வைத்ததுபோல் தூசியும் வாயுவும். கருந்துளை விழுங்குவது உள்ளே எரியும்; வெளியே தெரியாது. மெல்லிய எக்ஸ்ரே அந்தச் சுவரிலேயே செத்துவிடும். முரட்டு எக்ஸ்ரே மட்டும் துளைத்துக்கொண்டு வரும்.

அப்படி ஒரு கருந்துளை மங்கலாகக் கிடந்தது. மெல்லிய எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, அடங்கிவிட்டது என்று எழுதிப் போட்டாள்.

அதே கோடையில் அம்மா போனில் சொன்னாள். "அப்பாவுக்கு இருமல் அடங்கிருச்சு தாயி."

இரண்டையும் நம்பினாள்.

மழைக்காலத்தில் முரட்டு எக்ஸ்ரே படம் வந்தது. ஜன்னலில் மழை. திரையில், கேலக்ஸியின் நடுவில், வெள்ளையாக ஒன்று தகதகவென்று எரிந்தது.

"செத்துப்போச்சுன்னீங்களே தவமணி. ஊரையே தின்னுட்டு உக்காந்திருக்கு!" கூட வேலை பார்க்கும் ரெஹானா கை தட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

தவமணிக்கு அம்மா போனில் சொன்னது ஞாபகம் வந்தது.

குவாரியில் வெடி வைத்ததும் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். மருந்து அடைத்த ஒவ்வொரு குழியும் வெடித்துப் பேச வேண்டும். ஒன்று பேசாவிட்டாலும் யாரும் இறங்க மாட்டார்கள். முதலாளி கத்தினாலும் இறங்க மாட்டார்கள். "பேசுன குழிய நம்பலாம் தாயி. பேசாததுகிட்டப் போயிராத."

பேசாததை அவள் நம்பிவிட்டாள். அவரும்தான்.

மழையோடு ஊருக்குப் போனாள். அப்பா கட்டிலில் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினார். இருமல் இல்லை. இருமுவதற்கு மூச்சு இல்லை.

"எக்ஸ்ரே படமா? எதுக்கு? உள்ள கல்லா இருக்கு?" என்றார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்றார்.

இழுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் மூடிய கதவு. மேலே சிவப்பு விளக்கு. உள்ளேயிருந்து அதட்டல். "மூச்ச இழுத்துப் பிடிங்க பெரியவரே. பிடிங்கன்னா!" மறுபடி அதட்டல். மறுபடி.

வெளியே தவமணி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் வானத்தில் வெள்ளை தெரிந்தால் கொண்டாட்டம். இங்கே கறுப்பு வேண்டும். நெஞ்சு முழுக்க வெறும் கறுப்பு. ஒன்றுமே இல்லாத வானம். சாமி, ஒன்றுமே வேண்டாம்.

படம் வந்தது. அவளுக்குக் கை எழவில்லை. அப்பாவே வாங்கி, வராந்தாவில் விழுந்த ஒரு கம்பி வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

இரண்டு பக்கமும் வெள்ளை. பொடிப்பொடியாக வெள்ளை. மேலே போகவில்லை, கீழே வரவில்லை. படிந்துவிட்டது.

"உன் வேல மாதிரியே இருக்கே தாயி," என்றார் அப்பா. "எம்புட்டு நட்சத்திரம்!"

சிரித்தார்.

சிரிப்புக்குப் பின்னால் இருமல் வரும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

வரவில்லை.