மன்னர் வீட்டு அகழெலி

சுட்டது நான்தான். கிஸ்பெர்ட்டுக்கு இன்றுவரை அதில் சந்தேகம் உண்டு. ஆனால் கம்பத்தின் மேலிருந்த மரப்பறவையின் கடைசித் துண்டு என் குண்டுக்குத்தான் விழுந்தது, ஊரே பார்த்தது. இறக்கைகளையும் வாலையும் அதற்கு முன்னால் அவன் சுட்டுத் தள்ளியிருந்தான், அதை நான் மறுக்கவில்லை. வாலைச் சுட்டவனுக்கு எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் யாரும் மாலை போடுவதில்லை. கடைசித் துண்டை இறக்கியவன்தான் அந்த வருஷத்துக்கு மன்னன். அவன் பெண்டாட்டி ராணி.

மன்னனாக இருப்பதில் வருஷம் முழுக்கச் செலவுதான். வரவு என்று ஒன்றே ஒன்று உண்டு. அடுத்த ஜூலைத் திருவிழாவில், ஞாயிற்றுக்கிழமை, கழகத்துப் படை முழுவதும் வெள்ளைக் கால்சட்டையும் பச்சைக் கோட்டுமாக மேளதாளத்தோடு மன்னன் வீட்டுக்கு வரும். அவனுடைய புல்தரையில் அணிவகுத்து நிற்கும். தளபதி வாளை உருவி வணக்கம் வைத்து, மன்னனையும் ராணியையும் விழா மண்டபத்துக்கு அழைத்துப் போவான். காலமெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குச் செங்கல் அடுக்கியவன் நான். யார் வீட்டு வாசலிலும் எனக்காக ஒருத்தன் எழுந்து நின்றதில்லை. அந்த ஒரு காலைக்காகத்தான் என் புல்தரையைக் குழந்தை தலை மாதிரி சீவிச் சீவி வைத்திருந்தேன்.

தளபதி யார் என்றால், அதே கிஸ்பெர்ட். என் பக்கத்து வீட்டுக்காரன். காப்பீட்டுக் கம்பெனியில் நாற்காலி தேய்த்தவன், உள்ளங்கையில் ஒரு தழும்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதனால் சாதாரண நாளில் அவனுக்கு நான் ‘டேய்’, எனக்கும் அவன் ‘டேய்’. சீருடை போட்டுவிட்டால் மட்டும் நான் ‘மன்னரே’.

ஏப்ரலில் ஒரு காலை எழுந்து பார்த்தால், புல்தரையின் நடுவில் கறுப்பாக ஒரு மண்குவியல். மறுநாள் அதன் தம்பிகள். அந்த வாரம் முடிவதற்குள் என் புல்தரை இடுகாடு மாதிரி ஆகிவிட்டது.

அகழெலி. பார்த்தவர்கள் குறைவு. கறுப்பு வெல்வெட்டில் தைத்த மாதிரி உடம்பு, கண் இருக்கிறதா என்றே தெரியாது, முன்னங்கை இரண்டும் மண்வெட்டி. வேரைத் தின்னாது, கிழங்கைத் தொடாது. மண்புழுவுக்காகத் தரைக்கு அடியில் சுரங்கம் போட்டுக்கொண்டே போகும், தோண்டிய மண்ணை மேலே தள்ளும். நானாவது கூலிக்குத் தோண்டினேன். இது சும்மா தோண்டுகிறது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று போனேன். ரோஸ்விதா, என் மனைவி, கையைப் பிடித்தாள்.

“ஆல்வின், அதுமேல கைய வெச்சா வீட்டையே எழுதி வாங்கற மாதிரி அபராதம் போடுவாங்க. முதல்ல மாவட்ட ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேளு.”

ஆபீஸ் என்றாலே எனக்கு ஆகாது. இருந்தாலும் போன் செய்தேன். இயற்கைப் பாதுகாப்புப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். குரலே சிரித்தது.

“கொல்லக் கூடாதுங்க ஐயா. பிடிக்கவும் கூடாது. பாதுகாக்கப்பட்ட பிராணி.”

“என் நிலத்துல இருக்கும்மா.”

“நிலம் உங்களோடது. பிராணி உங்களோடது இல்ல.”

“யாரோடதுன்னு சொல்லுங்க. வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

“உங்க வீட்டைத் தேடி வந்திருக்குன்னா, மண்ணு அவ்வளவு வளமா இருக்குன்னு அர்த்தம். நீங்க சந்தோஷப்படணும்.”

“ஜூலைல என்னைக் கூட்டிட்டுப் போகப் படை வருதும்மா.”

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “வாசனை, சத்தம், இந்த மாதிரி ஏதாவது அதுக்குப் பிடிக்காம, அதுவா மனசு மாறிப் போச்சுன்னா, போகாதேன்னு சட்டம் சொல்லாது.”

அதுவாக மனசு மாற வேண்டும். என் மனசு மாறினால் மட்டும் குற்றம்.

அன்று சாயங்காலமே கிஸ்பெர்ட் வேலிச்செடிக்கு மேலே தலையை நீட்டினான். அவன் பக்கத்துப் புல்தரை பில்லியர்ட்ஸ் மேசை மாதிரி இருந்தது.

“டேய் ஆல்வின், என்னடா இது, உருளைக்கிழங்கு போட்டிருக்கியா?”

“உனக்கு ஏன்டா வயிறு எரியுது?”

“எனக்கில்லடா. படைக்கு. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஆளுங்களை இந்தக் குப்பைமேட்டுல எப்படி நிறுத்தறது? குழு கூட்டத்துல பேசிட்டேன். பயப்படாத. உன் தரை சரியாகலன்னா, உன்னை என் புல்தரையிலேர்ந்து அழைச்சுக்கறோம். நீயும் ரோஸ்விதாவும் காலைல இந்தப் பக்கம் வந்து நின்னாப் போதும்.”

எங்கள் ஊர் வரலாற்றில் எந்த மன்னனையும் அடுத்தவன் வாசலிலிருந்து அழைத்ததில்லை. பறவையையே அவன்தான் சுட்டான், நான் இரவல் மன்னன் என்று சாகும்வரை பேசுவார்கள். அதற்குத்தான் திட்டம் போடுகிறான்.

“என் வீட்டுலேர்ந்துதான் போவேன்” என்றேன்.

“பார்க்கலாம்” என்றான். திருவிழாவுக்கு முந்தின வாரம் நேரில் வந்து தரையைச் சோதிப்பானாம்.

சத்தத்திலிருந்து ஆரம்பித்தேன். இங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான்: காலி பாட்டில்களை, வாய் மேற்குக் காற்றைப் பார்க்கிற மாதிரி சாய்த்துப் பாதி புதைத்துவிட்டால், காற்று ஊத ஊத அவை முனகும். அந்த அதிர்வு அகழெலிக்கு ஆகாது. கழகத்தில் பாட்டிலுக்கா பஞ்சம்? தள்ளுவண்டி நிறையக் கொண்டுவந்து, கிஸ்பெர்ட்டின் வேலிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கமும் நட்டேன். அது மனசு மாறினால் போவதற்கு ஒரு வழி வேண்டுமே.

மறுநாள் நல்ல காற்று. பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து, பங்குச் சாமியாருக்குச் சளி பிடித்த மாதிரி பாடின. ஒரு மணி அடித்ததும் கிஸ்பெர்ட் வந்துவிட்டான், கையில் கடிகாரத்தோடு.

“ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் ஓய்வு நேரம்டா. சத்தம் போடக் கூடாதுன்னு சட்டம்.”

“நான் எந்த மிஷினும் ஓட்டலையே. காத்துடா அது.”

“காத்து கடவுளோடது. பாட்டில் உன்னோடது.”

அந்த மாவட்ட ஆபீஸ்காரியும் இவனும் ஒரே பாடசாலை போலிருக்கிறது. புகார் எழுதுவதில் அவனுக்குப் பழக்கம் அதிகம். அதனால் அன்று முதல் தினமும் ஒரு மணிக்கு நான் என் பழைய காலுறைகளை ஒவ்வொரு பாட்டில் வாயிலும் திணிப்பேன். மூன்று மணிக்குப் பிடுங்குவேன். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் ஓய்வு, ஆகவே முழுநாளும் காலுறை. புதுக் குவியல் எல்லாம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் வர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கவே வேண்டாம். இந்தத் தெருவில் ஓய்வு நேரத்தில் வேலை செய்துவிட்டு எவனிடமும் திட்டு வாங்காதது அது ஒன்றுதான், சத்தம் போடாமல் செய்ததால்.

“வாசனைக்குப் போ” என்றாள் ரோஸ்விதா.

புளித்த மோரில் பழந்துணியை ஊறவைத்து, பூண்டு நசுக்கிச் சேர்த்து, ஒவ்வொரு சுரங்கத்துக்குள்ளும் திணித்தேன். மோருக்கு ஓய்வு நேரம் கிடையாது. அடுத்த வெயிலில் அந்த நாற்றம் எழுந்து நின்றது. ரோஸ்விதா ஞாயிற்றுக்கிழமைக் காப்பியையும் கேக்கையும் உள்ளே தூக்கிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“எலி போகுதோ இல்லையோ, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போகப்போறேன்.”

“ஜூலைக்குள்ள வந்துரு. ராணி இல்லாம மன்னன் கிளம்ப முடியாது.”

அவள் போகவில்லை. எலி போனது.

எப்படித் தெரியும் என்றால், ஒரு விடியற்காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், தன் புல்தரையில், கிஸ்பெர்ட் படுக்கைச் சட்டையோடு, பூனை நடை நடந்து, தள்ளுவண்டியில் கறுப்பு மண்ணை வாரிக்கொண்டிருந்தான். சக்கரம் கிறீச்சிடாமல் இருக்க எண்ணெய் வேறு போட்டிருந்தான். நான் ஜன்னலைத் திறந்து, “காலை வணக்கம் தளபதி! தோட்ட வேலையா?” என்றேன்.

“உரம் போடறேன்டா” என்றான், திரும்பாமலே.

“மண்ணு அவ்வளவு வளமா இருக்குன்னு அர்த்தம். நீ சந்தோஷப்படணும்.”

அந்த வருஷத்தில் நான் அனுபவித்துக் குடித்த காப்பி அன்றைக்குத்தான்.

அவனால் வாய் திறக்க முடியாது. எலி இருக்கிறது என்று சொன்னால் அவன் தரையும் படைக்கு லாயக்கில்லை. அடுத்த குழு கூட்டத்தில் எழுந்து நின்று, மன்னரை அவருடைய சொந்த வீட்டிலிருந்து அழைப்பதுதான் முறை, முறையை மாற்றுவது நமக்கு அழகில்லை என்று உணர்ச்சியோடு பேசினானாம். கைதட்டினார்களாம்.

நான் குவியலையெல்லாம் அள்ளி, தரையைச் சமன் செய்து, விதை தூவி, தண்ணீர் விட்டேன். ஜூன் மழையில் புல் பிய்த்துக்கொண்டு வந்தது. எங்கே குவியல் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. சோதிக்க வந்த கிஸ்பெர்ட் வாசல் படியில் நின்றபடியே பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனான். இறங்கி ஒரு அடிகூட வைக்கவில்லை. நாற்றம் காரணமாக இருக்கலாம்.

ரோஸ்விதா மட்டும் ஒருநாள் துணி காயப்போட்டுவிட்டு வந்து சொன்னாள்: “அந்தக் கம்பிக்கிட்ட நடந்தா என் குதிகால் உள்ள போகுது.”

“உன் செருப்பு ஊசி மாதிரி இருக்கு. மாத்து.”

“செருப்பு இல்லடா மடையா. அடியில ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு.”

வீடு கட்டியவனுக்கு இவள் அஸ்திவாரம் சொல்லித்தருகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படை வந்தது. மேளம் தெருமுனை திரும்பும்போதே நான் வாசலில் நிமிர்ந்து நின்றுவிட்டேன். மார்பில் வெள்ளிச் சங்கிலி, பக்கத்தில் ரோஸ்விதா நீல கவுனில் கிரீடத்தோடு. வெள்ளைக் கால்சட்டைகள் வரிசை வரிசையாக என் புல்தரையில் ஏறி நின்றன. கிஸ்பெர்ட் படைக்கு முன்னால், எனக்கு நேராக வந்து, வாளை உருவி, எங்கள் வழக்கப்படி வலது குதிகாலைத் தரையில் ஓங்கி அடித்தான்.

முழங்கால்வரை போய்விட்டது.

ஆள் கனம். கால் உள்ளே போன வேகத்தில் மற்றக் கால் மடங்கியது. என் முன்னால் ஒற்றைக் காலை மண்ணுக்குள் விட்டு, மற்றதை மடக்கி, வாளை மூக்குக்கு நேராகப் பிடித்தபடி இருந்தான். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். இவன் சீருடையில் இருந்தான்.

“மன்னரே!” என்றான். முகம் பீட்ரூட். “உங்கள் படை… உங்களை அழைத்துச் செல்ல… ஆயத்தமாக உள்ளது!”

பின்வரிசைக்காரர்களுக்குக் குழி தெரியவில்லை. தளபதி மண்டியிட்டான், அதுதான் தெரிந்தது. முன்வரிசையில் ஒருத்தன் தயங்கித் தயங்கி முழங்காலை மடக்கினான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவன். பிறகு வயலில் கதிர் சாய்கிற மாதிரி படை முழுவதும் சாய்ந்தது. மேளக்காரன்கூட மேளத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவன் பக்கத்தில் இன்னொரு சுரங்கம் பொத்தென்று உள்வாங்கிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

தெருவில் நின்ற ஜனங்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். ஊர் முழுக்க என் முன்னால் மண்டியிட்டிருந்தது. மோர் நாற்றமும் இலேசாகக் கிளம்பியது.

ரோஸ்விதா கிரீடம் அசையாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: “செருப்பை மாத்தச் சொல்லட்டுமா?”

நான் முன்னால் போய் கிஸ்பெர்ட்டுக்குக் கை கொடுத்தேன். மன்னன் தளபதியைத் தூக்கி நிறுத்தினான் என்று ஜனங்கள் கைதட்டினார்கள்.

“இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும்டா” என்றான், சீருடையை மறந்து, பல்லைக் கடித்தபடி.

“சொல்லேன். எலி முதல்ல வந்தது எங்கே, இப்ப இருக்கறது எங்கேன்னு ரெண்டையும் சேர்த்துச் சொல்லு.”

அவன் சுளுக்கிய காலோடு மண்டபம்வரை நொண்டாமல் நடந்தான். பின்னால் வந்த வெள்ளைக் கால்சட்டை ஒவ்வொன்றிலும் முழங்காலில் ஒரு கறுப்பு வட்டம். மறுநாள் பத்திரிகையில், மறக்கப்பட்ட பழைய மரியாதை ஒன்று எங்கள் ஊரில் மீண்டும் உயிர்பெற்றது என்று போட்டார்கள். இப்போது ஒவ்வொரு வருஷமும் மண்டியிடுகிறார்கள். அடுத்த மன்னன் வாசலில் கருங்கல் பாவியிருந்தது, அதன்மேலும் மண்டியிட்டார்கள். முதலில் மண்டியிட வேண்டியது தளபதி. அவன் மூட்டு தேய்ந்துவிட்டதாம், இதை நிறுத்த ஒரு வார்த்தை சொல்லேன் என்று என்னிடம் கேட்டான். பழைய மரியாதையில் கைவைக்க நான் யார் என்றேன்.

திருவிழா முடிந்த அந்த வாரமே கிஸ்பெர்ட் நொண்டிக்கொண்டு வந்தான். இந்த முறை தள்ளுவண்டி கிறீச்சிட்டது. வண்டி நிறைய அவன் புல்தரையில் எலி தள்ளிய மண்.

“இந்தா. உன் ஓட்டையை அடைச்சுக்க.”

“உரம்னு சொன்னே?”

“கொட்டறதா வேண்டாமா?”

கொட்டச் சொன்னேன். அவன் கால் போன குழியை அவனே நிரப்பினான். நான் மேலே மிதித்துச் சமன் செய்தேன். வேலை முடிந்ததும், இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பீர் குடித்தோம். காலிப் பாட்டில்களைக் கையில் எடுத்துக்கொண்டு, மேற்கு எந்தப் பக்கம்டா என்று கேட்டான் கிஸ்பெர்ட்.

மணி பார்த்தேன். ஒன்று ஆகியிருந்தது.

“மூணு மணிக்கு அப்புறம் கேளு” என்றேன்.