சைனைடு சரளாவின் அசல்

இப்போது யாராவது வந்தால் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க வேண்டும்.

பியூலா மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்தாள். பெங்களூர் ஆபீஸின் நாலாவது மாடி நடைக்கூடம் ஆளில்லாமல் நீண்டு கிடந்தது. லிஃப்ட் திறக்கும், யாரோ வருவார்கள். எந்தக் கால் முதலில் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். நானாக நகர்கிறேனா, அதுவாகவே நகர்கிறதா?

லிஃப்ட் திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பையன் போனில் பேசிக்கொண்டே வந்தான், தாண்டிப் போனான், கண்ணாடிக் கதவுக்குள் மறைந்தான். அதற்கப்புறம்தான் பியூலாவுக்குச் சுவரின் குளிர்ச்சி முதுகில் உறைத்தது. மாப்புக் கம்பு நெஞ்சோடு நிமிர்ந்து நின்றது. குதிகால் இரண்டும் சுவரில் இடித்துக்கொண்டிருந்தன. எப்போது வந்து ஒட்டினாள்? அவளால் சொல்ல முடியவில்லை.

இது மூன்றாவது நாள். மூன்று நாளாகத் தன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறாள். ஒரு தடவைகூட அகப்படவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது மேஸ்திரி சொன்னது இவ்வளவுதான்: ஸ்டாஃப் வந்தால் வழி விடணும், முகத்தைப் பார்க்கக் கூடாது. சுவரில் ஒட்டிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. அதை அவள் எங்கே கற்றாள் என்பதே தெரியாது. கற்றிருக்கிறாள் என்பதுகூட சைலஸ் டிவியில் செய்து காட்டும்வரை தெரியாது.

சைலஸ் கோலார் தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகத்தில், அவள் குடியிருக்கும் தொழிலாளர் லைன் வீடுகளிலேயே வளர்ந்தவன். பதினாறு வயதில் சர்ச் கிறிஸ்மஸ் நாடகத்தில் மரியாளாக நடிக்க வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட, பியூலாவின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு இவன் மேடை ஏறினான். முதல் வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் பாஸ்டர் அவனை மேய்ப்பனாகக்கூடச் சேர்க்கவில்லை. பிறகு மாரியம்மன் திருவிழா ரெக்கார்டு டான்ஸில் லேடீஸ் வேஷம். பிறகு பெங்களூர் மாலில் துணிக்கடை வேலை, பியூலா போகும் அதே ரயிலில். சாயங்கால ரயிலில் பெண்கள் மடியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, மேனேஜர், டிக்கெட் பரிசோதகர், பாஸ்டரம்மா என்று ஒவ்வொருவராக மாறிக் காட்டுவான். பங்காரப்பேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆம்பிளைகள் பெண் வேஷம் கட்டிப் பாடும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒன்று பெங்களூர் பப்பில் நடந்தது. அங்கே ஒரு தடவை ஆடினான். அதை யாரோ போனில் எடுத்துப் போட்டார்கள். அப்படியே கன்னட சேனலின் காமெடி ஷோவுக்குப் போனான்.

அங்கேதான் சைனைடு சரளா பிறந்தாள்; ஊர்ச் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சைனைடு மண்மேட்டை வைத்து அந்தப் பேர். வெளுத்துப்போன நீலக் கோட்டு, அதற்குக் கீழே புடவை, கையில் மாப்பு, தமிழும் கன்னடமும் கலந்த கோலார் பேச்சு. மேடைக்கு மந்திரி வந்தாலும் திருடன் வந்தாலும் நாய் வந்தாலும் சரளா ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வாள். ஒருநாள் ஒட்டிய வேகத்தில் அட்டைச் சுவரே பின்னால் விழுந்தது. ஒரு வாரம் எல்லார் போனிலும் அதுதான்.

முதலில் கண்டுபிடித்தவள், ரயிலில் கூடவே வரும் பக்கத்து வீட்டு ஆனி. "ஏய் பியூலா, இது நீதான்டி! உன் கோட்டுதானே அது?"

"கோட்டு நான் குடுத்ததுதான். அதுக்குன்னு நானா? நான் எப்போடி சுவத்துல ஒட்டினேன்?"

ரயில் பெட்டியே சிரித்தது. பியூலாவும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு நாள் கழித்து, குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த மகள் கரோலின், அடுப்படியில் நின்று அவளையே பார்த்தாள்.

"ஏம்மா, நான்தானே?"

பியூலா குனிந்து பார்த்தாள். பத்தடிக்குப் பத்தடி வீடு. அவள் முதுகு பீரோவோடு ஒட்டியிருந்தது, கல்லூரிக்குக் கிளம்பும் தன் மகளுக்கு வழிவிட்டு.

அதிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி. கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டுமோ என்றுகூட யோசித்துப் பார்த்தாள். சொந்த முதுகை இன்னொருவன் காட்டித்தானே பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த சைலஸ் இன்னும் என்னென்ன பார்த்து வைத்திருக்கிறானோ?

சைலஸ் போன் செய்தபோது ரயில் மாலூரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஃபைனலுக்கு வந்துட்டேன். அசலி நகலின்னு ஒரு ரவுண்டு வெச்சிக்கிறாங்க. யாரைப் பாத்து செய்றமோ அவங்களை மேடைக்குக் கூட்டிகினு வரணும். எனக்கு நீதான்க்கா."

"நான் வந்து இன்னா பண்றது?"

"நீ நீயா நின்னா போதும்."

"அதுதான்டா எனக்கு வரமாட்டேங்குது."

சைலஸ் சிரித்தான். பிறகு குரலை இறக்கினான். "அக்கா, விளையாட்டு இல்ல. வர்ற வியாழக்கிழமை ஷூட்டிங். நீ வரலைன்னா அடுத்த சீசன்ல நான் இல்ல. நேராவே சொல்லிட்டாங்க. துணிக்கடையிலயும் இனிமே சேத்துக்க மாட்டாங்க, என் மூஞ்சி எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு."

அவன் பாடு அவளுக்குத் தெரியும். ஸ்டுடியோவில் ஆண்கள் அறைக்குப் போனால் சிரிக்கிறார்கள், பெண்கள் அறைக்குப் போனால் கத்துகிறார்கள், அதனால் ஜெனரேட்டர் வேன் பின்னால் போர்வையைக் கட்டித்தான் சரளாவாக மாறுகிறேன் என்று ஒருநாள் சொல்லியிருக்கிறான். அதையும் சிரிப்பாகத்தான் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பாக்கலாம்," என்றாள். அவனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மூன்று நாளாக இருந்த ஆசைதான் அப்படிச் சொல்ல வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது லைன் முனையில் வெள்ளை வேன் நின்றது. சைலஸ், கேமராக்காரன் ரூபேஷ், உதவி இயக்குநர் ரஷ்மி. ரஷ்மிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் இரண்டு போன். பெங்களூர்ப் பெண், தமிழ் சுமாராக வந்தது. வேனிலிருந்து சந்தின் கடைசிவரை தலைகள் முளைத்தன. எதிர் வீட்டு கிருஷ்ணப்பா, சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கியவர், நாற்காலியை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டார்.

"டேய் சைலஸு, உன் ஒட்டு நல்ல ஒட்டுடா," என்றார் இருமலுக்கு நடுவில். "கீழ லெவல்ல பாறை ஏத்திகினு டப் வண்டி தண்டவாளத்துல உருண்டு வரும். நாங்களும் இப்பிடித்தான் பாறையோட ஒட்டுவோம். ஒட்டலைன்னா ஆளே காலி." பியூலா பக்கம் திரும்பினார். "உங்க ஆபீஸ்ல இன்னாம்மா உருண்டு வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். பியூலாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பதில் யோசிப்பதற்குள் ரஷ்மி அவளை உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

"ஆன்ட்டி, ரொம்ப சிம்பிள். இங்க ஒரு சின்ன வீடியோ எடுக்கிறோம். வியாழக்கிழமை மேடையில அதே. கோட்டு போட்டுக்கோங்க. ரூபேஷ் நடந்து வருவார். நீங்க எப்பவும் பண்றதப் பண்ணுங்க."

பியூலா கோட்டை மாட்டிக்கொண்டாள். அவள் சைலஸுக்குக் கொடுத்த அதே பழைய கோட்டு, இப்போது சென்ட் வாசனை அடித்தது. ரூபேஷ் வாசலிலிருந்து நடந்து வந்தான். அவள் வலது காலை எடுத்தாள், வலதா இடதா என்று ஒரு கணம் நின்றாள், பிறகு போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

"இல்ல ஆன்ட்டி, இது சாய்ஞ்சிட்ட மாதிரி இருக்கு. ஒட்டணும்."

மறுபடி செய்தாள். வேகம் அதிகம். மறுபடி. குனிந்துவிட்டாள். ஐந்தாவது தடவையில் காலண்டரைத் தட்டிவிட்டாள்.

"நேச்சுரலா வரலையே," என்றாள் ரஷ்மி களைப்போடு. "சைலஸ், நீங்க கொஞ்சம் கத்துக் குடுங்க."

வாசலில் ஆனி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயே, பியூலாவா இருக்கறதுக்கு பியூலாவுக்கே டியூஷனா!"

சைலஸ் கோட்டை வாங்கி மாட்டினான். அன்று சவரம்கூடச் செய்திருக்கவில்லை. விக்கு இல்லை, பொட்டு இல்லை. ஆனால் தோள் இறங்கியது, கழுத்து உள்ளே போனது. பியூலாவுக்கு மூன்றடி தள்ளி அவளே நின்றுகொண்டிருந்தாள். ரூபேஷ் நடந்து வந்தான். சைலஸ் ஒட்டினான்.

"நில்லு," என்றாள் பியூலா. "இன்னொரு தரம் செய்."

செய்தான்.

"கால் அப்பறம்தான் நகருது. அதுக்கு முன்ன மூஞ்சில ஏதோ பண்றியே, அது இன்னா?"

சைலஸ் கோட்டின் பொத்தானைத் திருகினான். "மூஞ்சி போயிடும்க்கா. பேசிகினே இருப்ப, சிரிச்சிகினே இருப்ப. ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் மூஞ்சி அணைஞ்சிடும். உள்ள யாரும் இல்லாத மாதிரி. அப்பறம்தான் கால் நகரும். அது வரலைன்னா ஒட்டு வராது. கத்துக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

"டிவில அத நான் பாக்கலையே."

"யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்குள்ள சிரிச்சிடுவாங்க."

பியூலா பீரோக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் இருந்த முகம் அணையாமல் எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைந்ததை அவள் எப்படிப் பார்க்க முடியும்? அணையும்போது பார்க்கிற ஆளும் சேர்ந்தல்லவா போய்விடுகிறாள். எத்தனை வருஷமாக? புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர்கள் கும்பலாக வராந்தாவில் வருவார்களே, அப்போதும் அப்படித்தான் நின்றிருப்பாளோ? அதனால்தான் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லையா?

"சரி, இன்னொரு டேக்," என்றாள் ரஷ்மி. "உள்ள இருட்டா இருக்கு. ரூபேஷ், லைட்டை எடுத்துட்டு வாங்க."

ரூபேஷ் வேனுக்குப் போய் விளக்குக் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பினான். நாலடிச் சந்து. ஆனி, மமதா, அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், எல்லோரும் காலை ரயிலில் துடைப்பத்துக்கும் மாப்புக்கும் போகிறவர்கள், வேடிக்கை பார்த்து நின்றார்கள். குழாயில் அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்ததால் ஆனியின் இடுப்பில் நிறைகுடம் இருந்தது. மமதா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நகருங்கள் என்று ரூபேஷ் கேட்கவில்லை. வாயையே திறக்கவில்லை.

பியூலா கால்களைப் பார்க்கவில்லை. முகங்களை மட்டும் பார்த்தாள். மமதா, அவளுக்குப் பின்னால் இருந்தவள், அடுத்தவள், அடுத்தவள், ஆனி. கரண்டு போகும்போது லைனில் வீடு வீடாக இருட்டுமே, அப்படி ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு ஐந்து முதுகுகளும் சுவரில் இருந்தன. அவர்களுடைய சொந்தச் சந்து அது. ஞாயிற்றுக்கிழமை.

"ஐயோ, இதேதான்!" ரஷ்மி வாசலுக்கு ஓடினாள். "அப்படியே நில்லுங்க, யாரும் நகராதீங்க! ரூபேஷ், லைட்டைப் போட்டுட்டு கேமராவ எடுங்க, சீக்கிரம்!"

சைலஸ் வாசல் பக்கம் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி பியூலாவிடம் நீட்டினான்.

"அக்கா, ஒரே ஒரு தரம். மூஞ்சி வேணாம். கால் மட்டும் வந்தா போதும், நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

பியூலா கோட்டை வாங்கினாள். கையை உள்ளே விட்டுச் சுருண்டிருந்த கைப்பகுதியை வெளியே இழுத்தாள். கட்டில்மேல் வைத்து நீவி, நாலாக மடித்தாள்.

"நீ செய்டா," என்றாள். "நீ செய்றப்பதான் எனக்கே தெரியிது. இவ்ளோ பேர்ல நீ ஒருத்தன்தான் பாத்துக்கீற."

"நீ வரலைன்னா நான் எங்கக்கா செய்றது?"

"தெரியும்."

"தெரிஞ்சி?"

அவன் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று மரியாள் வேஷத்துக்குப் புடவை மடிப்பு நிற்காமல் அழுத முகம். மடித்த கோட்டை அவன் கையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

"நான் வரலைப்பா."

வெளியே விளக்கு எரிந்தது. ரஷ்மி சுவரோரமாக நடந்து ஒவ்வொருத்தியிடமும் பேரைக் கேட்டு, வியாழக்கிழமை லீவு கிடைக்குமா என்றும் கேட்டு, போனில் குறித்துக்கொண்டு வந்தாள். ஆனி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேரைச் சொன்னாள். நிறைகுடம் இன்னும் இடுப்பிலேயே இருந்தது. தளும்பிய தண்ணீர் புடவை வழியாக இறங்கிப் பாதத்தைச் சுற்றித் தேங்கியது. போகலாம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.